அக்கா முன்னாடி போய்ப் பாத்துட்டு வருவா

எங்கக்கா ஆபீஸ் மூலமா வெளிநாட்டுக்கு டூர் போறவங்க குடுத்து வச்சவங்க. அவங்க படுக்கப்போற கட்டில்ல அக்கா ஏற்கெனவே ஒரு தடவை படுத்துப் பாத்திருப்பா. அவங்க உக்காரப்போற கக்கூஸ்ல உக்காந்து பாத்திருப்பா. இந்த உலகத்துல எங்கக்கா உக்காராத கக்கூஸ் இன்னும் நாலஞ்சுதான் பாக்கி. அதுவும் ராஜா வீட்டுது, வாசல்ல போலீஸ் நிக்குறான்.

வேலையே அதுதான். வயசானவங்களா சேத்து இருபது இருபத்தஞ்சு பேரை ஆபீஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அக்கா போய் ஹோட்டல், பஸ்சு, சுத்திப் பாக்குற எடம் எல்லாத்தையும் பாத்துட்டு வந்து, "இது ஆகும், இது ஆகாது"ன்னு நோட்டுல எழுதிக் குடுக்கணும்.

முன்ன எல்லாம் இப்படி ஒரு வேலையே கிடையாது. அக்கா அங்க போன் எடுத்துக்கிட்டு இருந்தா. ஒரு தடவை, ஜன்னலைத் திறந்தா கடல்னு படத்தைக் காட்டி ஒரு கும்பலை அனுப்பிட்டாங்க. போய்ப் பாத்தா, பாத்ரூம்ல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னாதான் கடல் தெரியுது. அதுவும் கைக்குட்டை அளவு. திரும்பி வந்து அத்தனை பேரும் திட்டினதை அக்காதான் போன்ல வாங்கினா. மூணு நாள் காது தக்காளி மாதிரி இருந்துச்சு. நாலாம் நாள் முதலாளி முன்னாடி போய் நின்னா. "சார், இனிமே நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன். திட்டு வாங்குறது நான்தானே!"

டூர்ல பெட்டி தூக்குறவன் நான். பாக்கப் போகும்போதும் என்னைக் கூட்டிட்டுப் போவா. தம்பி மேல பாசம்னு நெனைச்சுடாதீங்க. நான் தொண்ணூத்தெட்டு கிலோ. "விழுடா"ன்னு கட்டிலைக் காட்டுவா. தொபுக்கடீர்னு விழணும். கட்டில் கத்துச்சுன்னா அந்த ரூம் வேண்டாம். மத்தியானச் சாப்பாடு ஆனதும் என்னை ஒரு ரூம்ல தூங்க வச்சுட்டு, பக்கத்து ரூம்ல போய் செவுத்துல காதை வச்சுக்கிட்டு நிப்பா. என் குறட்டை கேட்டா அந்த ஹோட்டலே வேண்டாம். இதுவரைக்கும் பதினோரு ஹோட்டல் என் மூக்கால போச்சு. ஒரு மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டாரு, "அம்மா, எங்க செவுரு நல்ல செவுருதான், இவரை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு.

வீட்லயும் அதே குணம்தான். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தப்ப, எல்லாரும் மாப்பிள்ளையைப் பாத்தாங்க, இவ அந்த வீட்டு பாத்ரூமுக்குள்ள போய் மூணு தடவை தண்ணி இழுத்துவிட்டுப் பாத்தா. எங்க மாமா, அதான் அவ வீட்டுக்காரர், சொல்லுவாரு: "என்னைக் கட்டிக்கும்போது மட்டும் ஒண்ணையும் சோதிச்சுப் பாக்காம விட்டுட்டா. நான் பொழைச்சேன்."

எல்லாத்தையும் விடப் பெரிய கூத்து கல்லு மூட்டை. அக்காவுக்கு நாப்பத்திரெண்டு வயசு, மான் மாதிரி ஓடுவா. வர்றவங்களுக்கு எழுவது வயசு. அவங்க முட்டி எப்படி வலிக்கும்னு இவளுக்கு எப்படித் தெரியும்? அதுக்காக ரெண்டு துணிப்பை தைச்சு, பைக்கு ரெண்டு கிலோ கல்லைப் போட்டு, ரெண்டு முட்டியிலயும் கட்டிக்கிட்டுதான் படி ஏறுவா. முதல்ல மணலை இங்கிருந்தே கட்டிக் கொண்டு போனா. ஏர்போர்ட்ல பெட்டியைத் திறந்த ஆபீசர், "ஏம்மா, போற எடத்துல மணல் இல்லையா?"ன்னு கேட்டாரு. அப்புறம் வெறும் பையைக் கொண்டு போய், அங்கேயே கல்லு பொறுக்க ஆரம்பிச்சா.

அப்பதான் பெல்லம்மா வந்தாங்க. ஸ்கூல்ல முப்பத்தி நாலு வருஷம் மணி அடிச்சு ரிட்டையர் ஆனவங்க. வயசு எழுவத்தொண்ணு, ரெண்டு முட்டியும் அவுட்டு, தொண்டை மட்டும் புதுசு. ஆபீஸ் மேஜை மேல இருந்த படத்துல விரலை வச்சாங்க. ஒரு குன்னு, அதுக்கு மேல போக படிக்கட்டு, மேல நின்னா எதிர்ல பனி மலை.

"இதுல நான் ஏற முடியுமா?"

முதலாளி நெளிஞ்சாரு. "நூத்தி எம்பத்தி நாலு படிம்மா. நீங்க கீழ உக்காந்து காப்பி சாப்பிடலாம், நல்லா இருக்கும்."

"காப்பி என் வீட்லயே இருக்கு. இவ்ளோ தூரம் வந்து கீழ உக்காந்து மத்தவங்க செருப்பைப் பாத்துக்கவா? ஏற முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வரலை. யாருக்கும் பாரமா வர மாட்டேன்."

அவங்க போனதும் முதலாளி, "பேரை அடிச்சிடு, வம்பு"ன்னாரு. அக்கா பேனாவை எடுக்கவே இல்ல. "பாத்துட்டு வந்து சொல்றேன் சார்."

போனோம். அக்கா மூட்டையைக் கட்டிக்கிட்டு, எழுவத்தொரு வயசு மாதிரி ஒவ்வொரு படியா ஏறினா. எனக்கு மூட்டை தேவையே இல்ல, வயிறே ஒரு மூட்டை. நடுவுல மூணு தடவை செத்துப் பொழைச்சேன். எங்கெங்க பெஞ்சு இருக்கு, கைப்பிடி கம்பி ஆடுதா, எல்லாம் எழுதினா. மேல போனதும் மூட்டையை அவுத்து, கல்லைக் கொட்டி, பையை மடிச்சு வச்சுக்கிட்டா. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு பேரும் கடகடன்னு ஓடி இறங்கினோம். கீழ வந்து போன் பண்ணினா. "அம்மா, ஏறலாம். நாப்பது நிமிஷம் ஆகும். மூணு பெஞ்சு இருக்கு."

அந்தப் பக்கம் போன்ல வந்த சந்தோஷக் கூச்சல்ல ரோட்டுல நின்ன புறா எல்லாம் பறந்துருச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு கும்பலோட போனோம். பெல்லம்மா ஏறினாங்க. வழியெல்லாம், "ஓடாதே, வரிசையா வா, கையில என்ன குப்பை"ன்னு அறுபது வயசுப் பசங்களை அதட்டிக்கிட்டே ஏறினாங்க. நாப்பத்தஞ்சு நிமிஷம். மேல போய் நின்னாங்க. எதிர்ல மலை, சோப்பு போட்டுத் துவைச்சுக் காயப்போட்ட மாதிரி. பெல்லம்மா வாயே திறக்கலை. அஞ்சு நிமிஷம்! நான் அக்காகிட்ட, "எதுக்கும் நாடி புடிச்சுப் பாரு"ன்னேன்.

மத்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்க. ஏரியைக் கடக்க கடைசி போட்டு அஞ்சு மணிக்கு. விட்டா பஸ்ல மூணு மணி நேரம் சுத்திக்கிட்டுப் போகணும்.

பெல்லம்மா முதல் படியில காலை வச்சாங்க. முட்டி மடங்கிடுச்சு. கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது படி. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு. அப்படியே உக்காந்துட்டாங்க.

"முடியலைம்மா. ஏறும்போது மூச்சுதான் வாங்குச்சு. இறங்கும்போது உசுரே முட்டியில வந்து நிக்குது." குரல் இறங்கிப் போச்சு. "நீங்க போங்க. பாரமா வர மாட்டேன்னுதானே அன்னிக்கே சொன்னேன்?"

அக்கா என்னைப் பாத்தா. "நான் மேலயே கல்லைக் கொட்டிட்டேன்டா. இறங்கிப் பாக்கவே இல்ல."

அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. அக்கா அழுது நான் பாத்ததே இல்ல. சும்மா நிக்க முடியாம, "நான் முதுகுல தூக்கிட்டு வரேன்"ன்னேன்.

"நீ விழுந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது, உடம்பு பூரா மெத்தை. உன் அடியில மாட்டினா நான் என்னடா ஆவேன்?"ன்னாங்க பெல்லம்மா.

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு ரெண்டு படி நேரா இறங்கினா, ஏறினா. அப்புறம் திரும்பி நின்னு ரெண்டு படி பின்பக்கமா இறங்கினா. கையால முட்டியை அமுக்கிப் பாத்துக்கிட்டா.

"அம்மா, திரும்புங்க. ஏணியில இறங்குற மாதிரி, முதுகைக் கீழ காட்டி. ரெண்டு கையும் கம்பியில."

"கீழ எதுவும் தெரியாதேடி!"

"உங்களுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும்."

ஒரு படி கீழ அக்கா, முட்டி போட்டு. அவங்க பாதத்தைக் கையால புடிச்சு, எங்க வைக்கணுமோ அங்க வைப்பா. அக்காவுக்குக் கீழ நான், செவுரு மாதிரி. வலது கால், இடது கால், நில்லு. முட்டி மடங்கலை. பத்து படி. இருபது படி. பெஞ்சு வந்தா உக்காந்தோம். அம்பது படி வந்தப்ப அக்கா பேன்ட் முட்டி கிழிஞ்சே போச்சு.

பாதி வழியில பூம்னு ஒரு சங்கு சத்தம்.

"அது நம்ம போட்டா?"ன்னு கேட்டாங்க பெல்லம்மா.

"இல்லம்மா. அது வேற போட்டு."

"முப்பத்தி நாலு வருஷம் மணி அடிச்சவ நான். எந்த சத்தம் எதுக்குன்னு எனக்கா தெரியாது? பொய் சொல்லாம காலை எடுத்து வை."

கீழ வந்து சேர ஒண்ணே கால் மணி நேரம். பஸ் பக்கத்துல அத்தனை பேரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க, சில பேர் முகம் கடுகடுன்னு. அக்கா நேரா அவங்க முன்னாடி போனா. "போட்டு போனதுக்கு அம்மா காரணம் இல்ல. நான் ஏறிப் பாத்தேன், இறங்கிப் பாக்கலை. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

பெல்லம்மா பின்னாடியிருந்து ஒரு அதட்டல் போட்டாங்க. "இவளை ஒருத்தரும் திட்டக் கூடாது. ஏற முடியுமான்னு நான் கேட்டேன், முடியும்னா. ஏறினேனா இல்லையா? இறங்குறதைப் பத்தி நானும் கேக்கலை, இவளும் சொல்லலை. எல்லாரும் வண்டியில ஏறுங்க, வரிசையா!"

ஏறிட்டாங்க. வரிசையாத்தான்.

மறுநாள் ஒரு பழைய கோட்டை. விடியுறதுக்குள்ள அக்கா என்னை எழுப்பி டாக்ஸியில கூட்டிட்டுப் போனா. அந்தக் கோட்டைப் படியில என்னை மூணு தடவை இறங்க வச்சா. நேரா ஒண்ணு, பின்பக்கமா ரெண்டு. ஏறினதை அவ கணக்குலயே எடுத்துக்கலை. சாப்பாட்டு ஹாலுக்கு நான் கிட்டத்தட்ட தவழ்ந்துதான் வந்தேன். பெல்லம்மா ரொட்டியைக் கீழ வச்சாங்க.

"இன்னிக்கு என்ன சொல்ற?"

"ஏறலாம். இறங்கலாம். கடைசி இருபது படி மட்டும் வழுக்குது. அங்க வாயை மூடிக்கிட்டு என் கையைப் புடிச்சுக்கணும்."

"கையைப் புடிச்சுக்குறேன்"ன்னாங்க பெல்லம்மா. "இன்னொண்ணுக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."