தேங்காய் எண்ணெய் பாய்

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் மளிகைச் சீட்டு எழுதவும், துபாயில் இருந்த வீட்டுக்காரருக்குக் கடிதம் போடவும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் உறையூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்து, "நீ தேங்கா எண்ணெ பாய் மகதானே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு வேலையிலும் மனசு நிற்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். வாசலுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன்.

என் அத்தா பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, திரைக்குப் பின்னால் வீடு. சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கும். துப்பாக்கி என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். வந்ததெல்லாம் குருவியும் கிளியும் விரட்டுகிற விவசாயிகளின் ஒற்றைக்குழல் துப்பாக்கிகள், பாங்க் காவலாளிகளின் துப்பாக்கிகள், குறி பார்த்துச் சுடுகிற கிளப்பிலிருந்து சில ரைஃபிள்கள். தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்து கைக்கு வரும்போது அது துருப்பிடித்து வரும். யார் ஜெயித்தார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது அத்தா உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்திருப்பார். யார் ஜெயித்தாலும் எங்களுக்கு வேலை உண்டு.

"இழுத்தா வெடிக்கணும். இழுக்காட்டி வெடிக்கக் கூடாது. அவ்வளவுதான் நம்ம வேலை" என்பார். ஒரு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் குழலை மட்டும் கழற்றி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உள்ளே வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். எவ்வளவு அவசரக்காரர் வந்தாலும் அதைப் பார்க்காமல் கொடுக்கமாட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. மார்கழி மாதம், அரைப் பரீட்சை லீவு. மருங்காபுரியிலிருந்து முதல் பஸ் பிடித்து ஒரு விவசாயி வந்தார். துப்பாக்கியைப் போர்வையில் சுருட்டிக் கைக்குழந்தையைப் போல வைத்திருந்தார். கூடவே அவர் மனைவி. ஸ்ரீரங்கத்தில் சாமி பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்ன அந்த அம்மா, சொல்லும்போதும் போர்வையைத்தான் பார்த்தார்.

அந்த மனிதருக்கு ஒருமுறை தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு துப்பாக்கி தோளில் சரியாக உட்காரவில்லை என்று முந்தைய மாதம்தான் கொண்டுவந்திருந்தார். அத்தா கட்டையைக் கொஞ்சம் அறுத்து, முனையில் ரப்பர் வைத்து, தோட்டாவைத் தட்டுகிற ஊசியையும் அதன் ஸ்பிரிங்கையும் புதிதாக மாட்டிக் கொடுத்தார். காலித் தோட்டா போட்டுப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவள் நான்.

"என்ன பாய், இந்த லட்சணத்துல வேலை பாத்திருக்கீங்க?" என்று அவர் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "நாலு நாளா விடியக்காலையில சோளத்துல குருவி உக்காந்து தின்னுது. நான் இழுக்குறேன், டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். குருவி என்னைத் திரும்பிப் பாத்துட்டுத் திரும்பவும் தின்னுது."

அத்தா வெடிக்காத தோட்டாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊசி பட்ட இடம் நகம் பட்டதுபோல் லேசாக இருந்தது.

"மத்தியானத்துல வெடிக்குதுங்களா?"

"அதான வேடிக்கை! வெயில் ஏறினா வெடிக்குது. ஏன், ஒங்க துப்பாக்கிக்குச் சளி பிடிச்சிருக்கா?"

அந்த அம்மா தண்ணீர் கேட்டுத் திரைக்குப் பின்னால் வந்தார். நான்தான் டம்ளரை நீட்டினேன். அவர் குனிந்து வாங்கியபோது தலையிலிருந்து கருவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாசம் வந்தது. எங்கள் வீட்டில் கடையில் வாங்கும் வெறும் எண்ணெய்தான். அதனால் அந்த வாசம் மனதில் நின்றது. அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. என் அம்மாவிடம் தாழ்ந்த குரலில், அழுதுகொண்டே பேசினார்.

"ஒரே மக பாயம்மா. திருவெறும்பூர்ல ஒரு ஃபேக்டரிப் பையனை அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. ரெண்டு வருஷமாச்சு, வாசப்படி மிதிக்கல. இப்ப பொங்கலுக்கு ரெண்டு பேரும் வர்றோம்னு லெட்டர் போட்டிருக்கா. லெட்டர் வந்த நாள்லேருந்து இந்த மனுஷன் துப்பாக்கியத் தொடச்சுகிட்டே இருக்காரு. சோத்துக்குக்கூட எந்திரிக்கிறதில்ல. வரட்டும், வரட்டும்ங்கிறாரு."

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. கோயில் திருவிழாவில் வேட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து மகள் வருகிறாள். அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்து டமால் என்று சுட்டு அவளை அழைக்கப் போகிறார். அந்த அம்மா அழுததையும் சந்தோஷத்தில் அழுவதாகத்தான் நினைத்தேன்.

என் அம்மா திரையை விலக்கி, "இந்தாங்க, ஒரு நிமிஷம்" என்று அத்தாவைக் கூப்பிட்டு, காதோடு என்னவோ சொன்னார். அத்தா திரும்பிப் போய் உட்கார்ந்து, திருப்புளியைக் கையில் எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார்.

திருகுகளைக் கழற்றிக் கட்டையைப் பிரித்ததும் உள்ளே ஊசி ஓடுகிற துவாரத்தைச் சுற்றி, உறைந்த நெய்போல வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. நான் பார்த்தேன். அத்தா துணியை வைத்து மூடித் துடைத்தார்.

"ஸ்பிரிங் சோர்ந்துபோச்சுங்க. மாத்தணும்."

"போன மாசம்தான மாத்துனீங்க! அப்ப நல்ல ஸ்பிரிங்குன்னு சொன்ன வாய் இதுதான? இத்தனை வருஷமா இந்தச் சந்துல உக்காந்து என்னதான் பாக்குறீங்க?"

"தப்புதாங்க."

என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. திரைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அத்தா தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் துடைத்துப் போட்ட துணி வாசற்படியில், வெயிலில் கிடந்தது. அதிலிருந்த வெள்ளை என் கண்ணெதிரே உருகித் துணியில் ஊறியது. விரலால் தொட்டு முகர்ந்தேன். கருவேப்பிலை. செம்பருத்தி.

பரீட்சையில் யாருக்கும் தெரியாத பதில் எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. "அத்தா, இது ஸ்பிரிங் இல்ல! தேங்கா எண்ணெ! காய்ச்சின எண்ணெ! பனியில உறைஞ்சு போயிருக்கு!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் திரைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் மனைவி டம்ளரோடு நின்றார். டம்ளரிலிருந்த தண்ணீர் அவர் கால்மேல் சிந்திக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார் அத்தா. "நான்தான் போட்டேன்."

"என்னது?"

"போன மாசம் மெஷின் ஆயில் தீந்துபோச்சு. வாங்கியார சோம்பல். பாப்பா தலைக்கு வைக்கிற எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டுட்டேன். மார்கழியில உறையும்னு புத்திக்கு எட்டல. ஸ்பிரிங் மேல பழி போட்டேன். வெக்கமாத்தான் இருக்கு."

என் தலைக்கு அந்த எண்ணெய் வைப்பதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திரைக்குள்ளிருந்து அம்மாவின் கை வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தது.

பிறகு அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

"துப்பாக்கிக்கு எண்ணெ தேச்ச பாய், தல சீவிப் பூ வச்சு அனுப்பாம விட்டுட்டீங்களே! நல்லவேளை, ரிப்பன் கட்டல!"

அத்தாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

சரி, துடைத்துக் கொடுங்கள், எடுத்துப் போகிறேன் என்றார் அவர். அத்தா மறுத்தார். "எண்ணெ உள்ள எங்கெங்க ஓடியிருக்கோ. முழுசாப் பிரிக்கணும். நாளாகும்."

"பொங்கலுக்கு எனக்கு வேணும் பாய்."

"பொங்கலுக்கு முடியாதுங்க."

"பொங்கலுக்குத்தாங்க வேணும்!"

"அரைகுறையாக் கொடுத்து ஒங்க கையில வெடிச்சா நான் பதில் சொல்ல முடியாதுங்க."

ரசீது எழுதிக் கொடுத்து, துப்பாக்கியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். "போயிட்டு வரேன் பாயம்மா" என்று அந்த அம்மா கிளம்பியபோது அவர் கணவர் அதற்குள் முக்கு டீக்கடையை அடைந்து, கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்புறம்தான் இரண்டு பேரும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்கள்.

சாயங்காலத்துக்குள் அத்தாவுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தப் பெயர் எனக்கு முன்னால் வகுப்புக்குள் போயிருந்தது. கிளப்பிலிருந்து ரைஃபிள்கள் வருவது நின்றது. தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவரிடம் யார் நம்பிக் கொடுப்பார்கள்? ஏன் பொய் சொன்னீங்க என்று நான் அத்தாவைத் துளைத்தேன். "எண்ணெ எங்கேருந்து வந்தா என்னம்மா, எடுத்தாச்சுல்ல" என்றார். அது உண்மை. அன்று சாயங்காலமே அரைமணி நேரத்தில் முழுவதும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மாட்டி முடித்துவிட்டார். அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அது சும்மாதான் பூட்டிக் கிடந்தது.

பொங்கலுக்கு முன்னால் அந்த மனிதர் இரண்டுமுறை வந்து கேட்டார். இரண்டுமுறையும் அத்தா, இன்னும் ஆகவில்லை என்று அனுப்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பாவம், அந்த அக்கா வேட்டுச் சத்தம் இல்லாமல் வீட்டுக்குள் வருவாள். பொங்கல் முடிந்து நாலைந்து நாட்கள் அத்தா டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுத்துக்கூட்டிப் படித்தார். சினிமா விளம்பரம் தவிர எதையும் பார்க்காதவர். ஏன் என்று கேட்டால், "சும்மா" என்றார்.

பங்குனியில் அந்த மனிதர் மறுபடி வந்தார். இந்தமுறை மோட்டார் சைக்கிளில், ஓர் இளைஞனின் பின்னால் உட்கார்ந்து. அத்தா வாசலில் அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து, துப்பாக்கியை வெளியே எடுத்துக் குழலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ரசீதுப் புத்தகம் தேட உள்ளே போனார்.

இதற்காக நான் மூன்று மாதம் காத்திருந்தேன். நோட்டில் கிழித்த தாளில், "எண்ணெய் ஊற்றியது எங்க அத்தா இல்லை. உங்க வீட்டு எண்ணெய். வாசனை பார்க்கவும்" என்று எழுதி, சுருட்டி, என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். அதைக் குழலுக்குள் செருகிப் பென்சிலால் உள்ளே தள்ளினேன்.

அத்தா வந்தார். வழக்கம்போலக் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வட்டம் தெரியவில்லை. குழலைக் கீழே இறக்காமலே என்னைப் பார்த்தார். கம்பியை விட்டுத் தள்ளினார். சீட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. விரித்து, எழுத்துக்கூட்டி வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என்ன பாய் அது?"

"துடைச்ச துணிங்க. மாட்டியிருந்துச்சு." இன்னொருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குழலை மாட்டித் துப்பாக்கியை நீட்டினார்.

"இந்தத் தடவ என்ன எண்ணெ ஊத்துனீங்க? நல்லெண்ணெயா, வெளக்கெண்ணெயா?"

"மாமா, நேரமாச்சு, போலாம்" என்றான் அந்தப் பையன்.

"இருங்க மாப்ள, பாய்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடும்?"

திரைக்குப் பின்னால் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அத்தாவைக் கேலி செய்ததற்காக அழுகிறார் என்று நினைத்து, நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

குழலில் தாள் அடைத்திருந்தால் சுடும்போது குழலே பிளந்து சுடுகிறவரின் முகத்துக்கு வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. எண்ணெய் ஊற்றியவர் அந்த அம்மாதான் என்பதும், ஏன் ஊற்றினார் என்பதும், என் சீட்டு போய்ச் சேர்ந்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியாது. இதெல்லாம் எனக்கு ஒரு மகள் பிறந்து, அவளும் தானாக ஒருவனைத் தேடிக்கொண்டு, என் வீட்டிலும் சில நாட்கள் யாரும் சோற்றுக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்றொன்றாகப் புரிந்தது. அந்த மனிதர் சுட்டிருப்பாரா, வெறுமனே துடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாரா என்பது இன்றைக்கும் தெரியாது. அத்தாவுக்கும் தெரிந்திருக்க முடியாது. தான் மாட்டிய ஸ்பிரிங் ஒருநாளும் ஏமாற்றாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அவருடைய பயமே அதுதான்.

மறுநாள் காலையில் அத்தா டீ குடிக்கப் போனார். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நானும் பின்னாலேயே போனேன். "வாங்க தேங்கா எண்ணெ பாய்" என்று கூப்பிட்டார்கள். அத்தா உட்கார்ந்து டீ குடித்தார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். பிறகு வந்து கடையைத் திறந்தார்.