இரண்டு காரும் அம்மாவின் வயிறும்

கல்யாணமாகி இத்தனை காலத்தில் நானும் என் கணவரும் நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது இரண்டு கார்களுக்காகத்தான். அதுவும் நாங்கள் இன்னும் வாங்கியிராத கார்கள்.

நான் பல் டொக்டர். பதுளையில் காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்பது என் பிழைப்பு. கணவருக்கு அதே ஊரில் வங்கி வேலை. ஆள் சாது. கடையில் அழுகின தக்காளியைப் போட்டுக் கொடுத்தால்கூட நன்றி சொல்லி வாங்கி வருவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நான் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவேன். எங்கள் பழைய கார் ஹாலிஎல ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும், வாழ்க்கையில் ஒருமுறையாவது நல்ல கார் ஒன்றில் ஏறிப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் ஒரே மனதாக முடிவெடுத்தோம். ஒரே மனது அத்தோடு சரி.

பண்டாரவளையில் கார் விற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், ஊரே நானா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் பல்லுக்கு வருகிறவர். அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்காமல் காப்பாற்றிக் கொடுத்ததிலிருந்து என்மீது அவருக்கு அளவுகடந்த மரியாதை. எங்களுக்காகவே இரண்டு கார்களைத் தன் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இரண்டும் சொகுசுக் கார், இரண்டும் நீட்டு டிக்கி வைத்தவை, விலையும் ஏறக்குறைய ஒன்று.

வெள்ளைக் கார் மெத்தை. கதவைச் சாத்தினால் பண்டாரவளைச் சந்தை முழுக்க ஊமையாகிவிடும். ஒரு பொத்தானை அமுக்கினால் சீட்டே முதுகைப் பிடித்துவிடும். என் கணவர் அதில் சாய்ந்து கண்ணை மூடினார், பிறகு திறக்கவே மனமில்லை.

"இதுக்கு மேல மனுசனுக்கு என்னா வேணும்?" என்றார்.

"தூங்குறதுக்கா கார் வாங்குறோம்? அதுக்கு வீட்டுல கட்டில் இருக்கு" என்றேன்.

நீலக் காரில் ஏறியதும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தரையோடு தாழ்ந்த கார். சீட் இடுப்பை இறுக்கிப் பிடித்தது. ஸ்டார்ட் பண்ணினால் அடித்தொண்டையில் உறுமியது. நானா பக்கத்திலும் கணவர் பின்னாலும் உட்கார்ந்திருக்க, எல்ல ஊர்ப் பக்கம் ஒரு வளைவில் திருப்பினேன். கை நினைத்த இடத்தில் கார் நின்றது. இவ்வளவு நாளும் நான் கார் ஓட்டவே இல்லை, ஏதோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன் என்று தோன்றியது.

"பல்லுப் புடுங்குறவளுக்கு எதுக்கு ரேஸ் கார்?" என்று கேட்டார் கணவர். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்பட்டது போல இருந்ததாம் அவருக்கு. அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு பரிமாறும் சத்தம் மட்டும்தான்.

இதில் அம்மா எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும்.

பதுளையில் நாங்கள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். தை மாதம் பால் காய்ச்சுவது என்று முடிவு. அடுப்பில் பானையை வைப்பது என் அம்மாதான், வேறு யாரும் இல்லை என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். அம்மா ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில், தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். மலையில் ஏறி இறங்குவதில் இன்றைக்கும் என்னைத் தோற்கடிப்பார். ஆனால் வாகனம் என்றால் முடிந்தது. பஸ்ஸின் சத்தம் கேட்டாலே வாயைப் பொத்திக்கொள்வார். இஞ்சி, எலுமிச்சங்காய், நான் எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாமே அவரோடு சேர்ந்து ரோட்டோரத்தில் வெளியே வந்திருக்கின்றன. நான் பட்டம் வாங்கியதைப் பார்க்க வரவில்லை. எங்கள் வாடகை வீட்டு வாசலை மிதித்ததில்லை. என் கல்யாணத்தையே தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் வைத்தோம். அவர் என் வீட்டுக்கு வரவே மாட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும். பெரும்பாலும் கோபம்தான் முந்திக்கொள்ளும்.

ஆகவே ஒரு நாள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "எந்தக் கார்ல அம்மா வாந்தி எடுக்காம வருதோ, அந்தக் கார வாங்குவோம்."

கணவர் உடனே சம்மதித்தார். மெத்தைக்கு மிஞ்சி என்ன இருக்கிறது என்ற தைரியம். நானாவும் சம்மதித்தார். "உம்மாவையே நீதவானாப் போடுவம் டொக்டர். ஞாயித்துக்கிழமை ஒண்ணு, அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தது. கொண்டு போங்க."

முதல் ஞாயிறு வெள்ளைக் கார். கணவர் ஓட்டினார். தோட்டத்து ரோட்டில் கல்லும் குழியும் எதுவும் தெரியாமல் மிதந்துகொண்டு லய வாசல்வரை போய் நின்றது. அம்மாவைப் பின் சீட்டில் ராணி மாதிரி உட்கார வைத்தோம். முதுகு பிடித்துவிடும் பொத்தானை நானே அமுக்கிவிட்டேன்.

"ஐயோ, யாருடி முதுகுல கை வக்கிறது?" என்று அம்மா துள்ளி எழும்பினார்.

மெயின் ரோட்டுக்கு வந்து முதல் வளைவில் கார் தொட்டில் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டாவது வளைவில் மறுபக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், பச்சைக் கொழுந்தின் நிறம். மூன்றாவது வளைவு வரை அவர் பொறுக்கவில்லை. பொலித்தீன் சிலிசிலி பேக்கைப் பிரிப்பதற்குள் நானாவின் வெளிர்நிறத் தோல் சீட்டில் காலைச் சாப்பாடு முழுக்க வந்து சேர்ந்தது. நடந்தே வீட்டுக்குப் போகிறேன் என்று இறங்கிவிட்டார். போகும்போது மாப்பிள்ளைக்கு ஆறுதல் வேறு: "வண்டி நல்ல வண்டிதான் தம்பி. என் வயிறுதான் சரியில்ல."

நான் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அது பாவம்தான். ஆனால் நீலக் கார் ஜெயித்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். அதிலும் அம்மா வாந்தி எடுக்காமல் வர வேண்டுமே என்பது கணவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு நீலக் காரை நான் ஓட்டினேன். தோட்டத்து ரோட்டில் முதல் மதகைத் தாண்டியதும் அடியில் கல் உரசியது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கலாம். அதற்குமேல் கார் போகாது. பக்கத்தில் மாரியம்மன் கோயில் வாசல் மட்டும் சிமெந்து போட்டுச் சமமாக இருந்தது. காரை அங்கே நிறுத்தினேன்.

"நீங்க காரப் பாத்துக்கங்க. நான் போய் அம்மாவக் கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு ஏறினேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் தோட்டத்தில் புது வண்டி ஒன்று கோயில் வாசலில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பூசை. யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஞாயிறு என்பதால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டும் இல்லை, எல்லோரும் வீட்டில். பூசாரி பார்த்திருக்கிறார், பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், செவ்வந்தி மாலைக்கு ஆள் ஓடியிருக்கிறது.

நான் அம்மாவை அழைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது மணிச்சத்தம் கேட்டது. கோயில் வாசலில் நானாவின் கார் திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் குங்குமமுமாக நின்றது. நெற்றியில் மாலை. தேங்காய் இரண்டாக உடைந்து கிடந்தது. பூசாரி சூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் கணவர் கை கூப்பி, கண்ணை மூடி, முன்வரிசையில் நின்றிருந்தார். நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சங்காய். பூசாரி சொன்னதும் கண்ணைத் திறந்து, காரில் ஏறி, எலுமிச்சங்காய்களை நசுக்கிக்கொண்டு முன்னால் ஓட்டியதும் அவரேதான். இந்தக் காரை வேண்டவே வேண்டாம் என்று இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அதே மனிதர்.

"இது நம்ம கார் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள தேங்கா ஒடச்சிட்டாங்க."

"ஒடச்ச பெறகு சொல்றது."

"சாமி முன்னுக்கு எப்பிடி மறுத்துப் பேசுறது?"

அம்மாவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. கார் போனட்டைத் தொட்டுக் கும்பிட்டார். இது இன்னும் வாங்காத கார், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் மெல்லச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"சாமிக்குக் காட்டின வண்டியத் திருப்பிக் குடுக்கிறதா? குடும்பத்துக்கு ஆகுமாடி?"

நான் படம் எடுத்து நானாவுக்கு அனுப்பிவிட்டு போன் பண்ணினேன்.

"டொக்டர், இது நம்மட வண்டியா?"

"ஆமா நானா."

"மாலையெல்லாம் போட்டிருக்கு."

"ஆமா நானா."

"அல்லாஹ்வே! இனி அத நான் யாருக்கு டொக்டர் காட்டுறது? உங்களுக்குத்தான் அது. சந்தோசமா ஓட்டுங்க."

இப்படியாக நான் ஆசைப்பட்ட கார் எனக்குக் கிடைத்தது. ஆனால் எனக்குச் சந்தோசம் வரவில்லை. பயம்தான் வந்தது. அம்மா இதிலும் வாந்தி எடுத்தால், தை மாதம் யாரோ ஒருத்தர் என் அடுப்பில் பானையை வைப்பார், அம்மாவால் வர முடியாத வீட்டு வாசலில் இந்த அழகான கார் நிற்கும்.

பின் கதவு தாழ்வு. அம்மாவின் முழங்கால் அதற்குள் மடங்கவில்லை. இப்படியும் அப்படியும் நுழைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் முன் சீட்டில் உட்கார வைத்தேன். "இது மாப்பிள்ள ஒக்கார்ற எடம்டி" என்று அவர் கூச்சப்பட்டார். மாப்பிள்ளை ஏற்கெனவே பின்னால் கால் இரண்டையும் மடித்து, தலையைக் குனிந்து அடங்கியிருந்தார். அம்மா ஒரு கையில் எலுமிச்சங்காயும் மறு கையில் சிலிசிலி பேக்குமாகத் தயாரானார். பெல்ட்டை நான் மாட்டிவிட்டேன்.

அப்புத்தளை வரை போய்த் திரும்புவதுதான் திட்டம். முதல் வளைவு போனது. இரண்டாவது. மூன்றாவது. அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரகலைக்குக் கிட்ட ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன்.

"ஏண்டி இப்பிடி உருட்டுற? பின்னுக்கு லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான்ல?"

திரும்பிப் பார்த்தேன். எலுமிச்சங்காய் மடியில் கிடந்தது. அம்மா கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு எப்பிடிம்மா?"

"வயித்துக்கு என்னா? அந்தா பஸ் வருது, ஒதுங்கு. மெதுவா. இப்பப் போ." அதன் பிறகு ஒவ்வொரு வளைவையும் எனக்கு முன்பாக அவரே சொல்லத் தொடங்கினார். சிறிது தூரம் போய்த் தன்பாட்டில் சொன்னார்: "முன்னுக்கு இருந்தா ரோடு வாறது தெரியுது. பின்னுக்கு இருந்தா ஆட்டம் மட்டுந்தான் தெரியும்."

அடுத்த வளைவைத் திருப்பிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். பஸ்ஸில் முன் சீட் மதகுருமாருக்கு ஒதுக்கியது. கல்யாணத்துக்குப் போகும் வேனில் மாமாமாருக்கு. லொறியில் அப்பாவுக்கு. எங்கள் பழைய காரில் என் கணவருக்கோ எனக்கோ. அம்மாவை மரியாதையாகப் பின்னால், ஜன்னலோரம், பேக்கும் கையுமாக உட்கார வைத்து, வாந்தி எடுக்கிறார் என்று எல்லோரும் சலித்துக்கொண்டிருக்கிறோம். படித்த டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெத்தையா வேகமா என்று இரண்டு வாரம் சண்டை வேறு.

"ஒரு பேக் இருக்குமா?" என்று பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

அம்மா தன் கையிலிருந்ததை அப்படியே பின்னால் நீட்டினார். "புடிங்க தம்பி. எலுமிச்சங்காயவும் மோந்துக்கங்க. மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்." சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் கேட்கவில்லை. அப்புத்தளையில் நிறுத்தி மருமகனுக்குப் பால் போடாத வெறுந்தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். அப்போதும் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை.

"திரும்புவமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? போ" என்றார்.

பண்டாரவளையில் நானாவின் கடையைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன், மாலை இன்னும் போனட்டில்தான் இருந்தது. வெயில் சாய்வதற்குள் பதுளையில் எங்கள் புது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். கணவர் தள்ளாடி இறங்கி கேட்டைத் திறந்தார். அம்மா கண்ணாடி வழியாகவே வீட்டை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவோ காலம் நான் காத்திருந்த காட்சி, என் கண் கலங்கிவிட்டது.

"பெருசாத்தான் கட்டியிருக்க."

"எறங்கும்மா."

பெல்ட்டைக் கழற்ற அவர் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. "பால் காய்ச்சாம உள்ள போகக் கூடாது. தையில வந்து காய்ச்சுறேன்." பிறகு வீட்டை விட்டுவிட்டு, அதைத் தாண்டிப் போகும் ரோட்டைப் பார்த்தார். "இது எங்கடி போகுது?"

"மகியங்கனைப் பக்கம்மா."

"வளைவு இருக்கா?"

"நெறைய இருக்கு."

"அப்ப போ, பாப்பம்."

கேட்டைப் பிடித்தபடி நின்ற என் கணவர், தான் வரவில்லை என்று கையைக் காட்டினார். நான் கியரைப் போட்டேன். அம்மா அதற்குள் கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.