பதினேழு பூச்சும் ஒரு பிரைமரும்

கானா நாட்டின் குமாசி நகரில், சுவாமே மேகசின் என்ற வட்டாரத்தில், அத்தனை கார் பட்டறைகளுக்கு நடுவே, அஜோவா டுஃபியைத் தெரியாதவர் இருந்தால் அவர் ஊருக்குப் புதியவர். பதினெட்டு வயதில் பெயின்ட் கன்னைக் கையில் எடுத்தவள். பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களே பிறகு தங்கள் வண்டியோடு அவள் வாசலில் காத்து நின்றார்கள். நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும்.

மிஞ்சிய பெயின்டை அவள் கொட்ட மாட்டாள். பழைய கார்த் தகட்டைத் தட்டி நேராக்கி அதன்மேல் அடிப்பாள். டாக்ஸி மஞ்சள், பாதிரியார் காரின் நீலம், வாழைக்காய் லாரியின் பச்சை என்று ஒன்று காயக் காய அடுத்தது. பதினேழு பூச்சு ஆனதும் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்துக்கொண்டு தேய்க்க உட்காருவாள். ஓரிடத்தில் லேசாக, ஓரிடத்தில் அழுத்தி. அடியில் கிடந்த நிறங்கள் வளையம் வளையமாக மேலே வரும். மரம், மாடு, மனித முகம் எதுவும் இருக்காது. என்ன படம் என்று கேட்டால், "நம்ம தெருவுக்கு வந்துபோன வண்டிங்க" என்பாள்.

பக்கத்துப் பட்டறை யாவ் பரீமா டிங்கர் வேலையில் கில்லாடி. வாய் கொஞ்சம் நீளம்.

"தங்கச்சி, இந்தத் தகட்டை வண்டிக்காரன் எப்பதான் டெலிவரி எடுப்பான்?"

"உன் பொண்டாட்டிதான் கேட்டிருக்கா அண்ணே. உன் மூஞ்சிக்குப் பதிலா இதைப் பாத்துட்டு இருக்கலாமாம்."

நாற்பத்தோராவது வயதில் தலைநகர் அக்ராவின் ஒரு கலைக்கூடம் அவளுக்கென்று ஒரு சுவரையே ஒதுக்கியது. அதற்காக மினிபஸ் கூரை அளவுத் தகட்டில் எட்டு மாதம் உழைத்தாள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதை ஏற்றிப்போகும் லாரி கிளம்பும். அன்று காலை பெரியம்மாவின் சாவுச் சடங்கு. போகாமல் இருக்க முடியுமா? கறுப்புத் துணி கட்டிக்கொண்டு போனாள்.

அவள் போனபின் பரீமா தகட்டைப் பார்த்தார். தேய்த்து விட்டிருக்கிறது, இங்கொரு நிறமும் அங்கொரு நிறமும் எட்டிப் பார்க்கிறது. ஒரு டிங்கரின் கண்ணுக்கு அது பாதி வேலை. பாவம், அக்ராவுக்குப் போகவேண்டிய தகட்டைச் சாவு வீட்டு அலைச்சலில் பாதியில் விட்டுவிட்டாள் என்று மனம் இரங்கினார். பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் சாம்பல் நிற பிரைமரைக் கலந்து, முழுத் தகட்டுக்கும் அடித்து முடித்துவிட்டார்.

ஒரு மணிக்கு அவள் திரும்பியபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"பாத்தியா! ஒரு திட்டு இல்ல."

டுஃபி பழைய டயர்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அழக்கூட வரவில்லை.

"அண்ணே, அது முடிஞ்ச வேலைண்ணே."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. தின்னர் டின்னைத் தூக்கினார்.

"துடைச்சுடறேன், இரு!"

"ஐயோ, தொடாதே! பதினேழும் கரைஞ்சு ஓடிடும்!"

துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே வாட்டர் பேப்பரோடு தேய்க்க உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் ஊற்றினார். இரண்டு மணி நேரத்தில் நிறங்கள் திரும்பி வந்தன. ஆழமாகத் தேய்த்திருந்த பள்ளங்களில் மட்டும் சாம்பல் தங்கிவிட்டது. அவள் பின்னால் நகர்ந்து பார்த்தாள். அத்தனை நிறச் சத்தத்துக்கு நடுவே கண் போய் இளைப்பாற இதுவரை ஓர் இடம் இல்லை. இப்போது இருந்தது. எட்டு மாதமாக அவள் தன்னையறியாமலே தேடியது அதைத்தான்.

"அதையும் எடுத்துடு தங்கச்சி. என் மானம் போகுது."

"இருக்கட்டும்ணே. அதுதான் இப்ப படத்தையே தாங்குது. இனி ஒரு இழுப்புக்கூட இழுக்க மாட்டேன்."

பரீமா வெகுநேரம் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு அது கார் தகடாகத் தெரியவில்லை. சட்டென்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், எல்லாரும் வாங்கடா! எங்க தங்கச்சி செஞ்சதைப் பாருங்க! எவனாவது கை வெச்சான், விரலை முறிச்சுடுவேன்!"

நான்கு மணிக்கு வந்த லாரிக்காரன் தகட்டின்மேல் கிழங்கு மூட்டையை அடுக்கப் பார்த்தான். பரீமா அவனைத் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளாமல், அக்ரா போய்ச் சேரும்வரை அந்தத் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனார்.