கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த கடல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அப்போது முடியவில்லை. புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். கெடுபிடி கொஞ்சம் தளர்ந்து, பகலில் வெளியே விட்டார்கள். ஆனால் ஆறு மணிக்குள் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்குள் வந்துவிட வேண்டும். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தோட்டம் பகாவ் பக்கம், கடலுக்கு வெகுதூரம். இத்தனை கிட்டத்தில் இருந்தும் கடலைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்கத்தான் கூச்சம். சின்னம்மாவே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பக்கத்து மலையுச்சியிலிருந்து கடல் தெரியுமாம் என்று சித்தப்பாவைக் கிளப்பினார்.

கேட்டைத் தாண்டிச் சோறு கொண்டுபோகக் கூடாது. அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அதனால் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டோம். சோதனை போட்ட பெண்ணிடம் சின்னம்மா, "கட்டுச்சோறு வயித்துல இருக்குலா, வேணும்னா தட்டிப் பாரு" என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மலையில் ஒற்றையடிப் பாதை நன்றாகத்தான் இருந்தது. சித்தப்பாதான் சுற்றிப் போவானேன் என்று குறுக்கே இறங்கினார். ரப்பர் காட்டில் ஒரு மர நிரையைப் பிடித்து நேராக நடந்தால் ரோடு வந்துவிடும். பால்வெட்டிப் பழகியவர், அதே நினைப்பில் மரங்களை எண்ணிக்கொண்டே போனார். காட்டு மரத்துக்கு ஏது நிரை? நாற்பது எண்ணியதும் ஒரு பள்ளம் வந்தது. பாதையைக் காணோம்.

"ஒங்க தொரையா வந்து இங்க நெரை புடிச்சு நட்டு வச்சாரு?" என்றார் சின்னம்மா.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. திரும்பிவிடலாம் என்றார் சித்தப்பா. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ.

"மேல ஏறுவோம் சித்தப்பா. ஏறிக்கிட்டே போனா மலை முடிஞ்சுதானே ஆவணும்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். வேரைப் பிடித்து ஏறினோம். விட்ட பாதையே மறுபடி வந்தது. அது ஒரு பாறையில் போய் நின்றது. கீழே காடு, அதற்கப்பால் புதுத் தகரம்போல் பளபளவென்று கடல். ஒரு கப்பல் அசையாமல் நின்றது. ஒரு கிளைக்கு நேராக வைத்துப் பார்த்தேன். நகரத்தான் செய்தது.

"போதுமா, கல்யாணப் பொண்ணு?"

"அது கெளையத் தாண்டட்டும் சின்னம்மா."

தாண்டியது. பிறகு ஓட்டம்தான். காவல்காரர் கேட்டைப் பூட்டச் சங்கிலியைக் கையில் எடுக்கும்போது உள்ளே நுழைந்தோம்.

நான் பார்த்தது லுக்குட் பக்கத்துக் கடலா, போர்ட்டிக்சன் பக்கமா என்று தெரியாது. ஆறு மணி என்று எழுதியது சரிதானா, அதுவும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தார் யாராவது விசாரித்துத் திருத்துங்கள்.