நீலம் படாத முதுகுகள்

குளிர்காலம் முடிந்தும் வத்ஹாவின் கொட்டிலில் குட்டிகளின் சத்தம் இல்லை. மஃப்ரக் நகரத்துக்குக் கிழக்கே, கருங்கல் பாலையில் ஆடு மேய்க்கும் குடும்பம் அவளுடையது. பாதிக்கு மேல் ஆடுகள் சினை பிடிக்கவே இல்லை. ஈன்ற சில ஆடுகள் போட்டவையும் பூனைக்குட்டி போன்ற நோஞ்சான்கள்.

"கிடா சரியில்ல. கசாப்புக்குக் கொடுத்துட்டு வேற வாங்குறேன்" என்றான் கணவன் முத்லக்.

"அது மேல பழி போடாதீங்க. போன கோடையில நாக்கத் தள்ளிக்கிட்டு மூச்சு வாங்கிட்டு கெடந்துச்சே, மறந்துட்டீங்களா?"

ஊசி போட வந்த கால்நடை டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "வெக்கையில கிடாவோட விந்து கெட்டுப்போகும். சூடு தணிஞ்சாலும் நல்லது ஊற ரெண்டு மாசம் ஆகும். சினை ஆடு வெயில்ல தவிச்சா வயித்துல குட்டியும் வளராது" என்றார் அவர். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கோடை வருமுன்பே ஆடுகளின் கம்பளி ரோமத்தைக் கத்தரித்தாள். கிடாவை மந்தையிலிருந்து பிரித்து, பக்கத்துணிகளைச் சுருட்டிய கூடாரத்தில் காற்று வரும் பக்கம் கட்டினாள். உச்சி வெயிலில் தண்ணீர், பொழுது சாய்ந்தபின் பார்லி. கொழுந்தன் ஜத்ஆனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன அண்ணி, புது மாப்பிள்ளைக்கு விசிறி வீசலையா?"

"வீசுவேன். பக்கத்துல நீயும் உக்காரு. உன் மண்டையிலயும் சூடு ஏறித்தான் கெடக்கு."

சுற்றிலும் எல்லோரும் கிடாவை மந்தைக்குள் விட்டுவிட்டார்கள். முத்லக் நிலைகொள்ளாமல் தவித்தான். "குட்டி பிந்திப் பொறந்தா புல்லு காஞ்சிரும் புள்ள!"

"பொறக்காமலே போறதுக்கு பிந்திப் பொறக்கட்டுமே."

இலையுதிர் காலக் குளிர்காற்று நன்றாக நிலைத்தபிறகுதான் கிடாவை அவிழ்த்தாள். அதன் மார்பில் சிவப்புச் சாயம் அப்பியிருந்தாள். அது ஏறிய ஆட்டின் முதுகில் சிவப்பு ஒட்டும். சில நாட்களிலேயே மந்தை முழுக்கச் சிவந்துபோயிற்று. பிறகு நீலச் சாயத்துக்கு மாற்றினாள். சினை பிடிக்காத ஆடு இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கிடாவைத் தேடும். நீலம் வாங்கிக்கொண்டு வரும்.

அதற்கப்புறம் அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. விடிந்ததும் ஓடிப்போய் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். சிவப்பு. இதுவும் சிவப்பு. ஒன்றில் நீலம்! மூன்று வாரம் நாள் தவறாமல் பார்த்தாள். நீலம் அந்த ஒன்றோடு சரி. கிடாவோ சாவகாசமாக அசைபோட்டபடி படுத்திருந்தது.

"இங்க வாங்களேன்! சீக்கிரம் வாங்க!" என்று அவள் கத்தியதில், பாம்பு கடித்துவிட்டதோ என்று முத்லக் தடியோடு ஓடிவந்தான்.

"எங்க? எங்க பாம்பு?"

"பாம்பில்லீங்க, முதுகப் பாருங்க! ஒன்னத் தவிர எதுலயும் நீலமே இல்ல!"

அவன் மந்தையைப் பார்த்தான். தடியைத் தூர எறிந்தான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

வசந்தத்தில் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மூன்று ஆடுகள் இரட்டை போட்டன. ஈரம் துடைக்கும் முன்பே எழுந்து மடியை முட்டின, கனத்த, கொழுத்த குட்டிகள். முத்லக் சொன்னது போலப் புல் சீக்கிரமே காய்ந்தது, தீவனத்துக்கு அலைந்தார்கள். ஆனாலும் ஒரு குட்டியும் சாகவில்லை.

ஜத்ஆன் வந்து ஒரு குட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

"அடேயப்பா, என்ன கனம்! அண்ணி, அந்த கூடாரத்துல என் கிடாவுக்கும் ஒரு எடம் இருக்குமா?"

"இருக்கு. தண்ணி மட்டும் நீதான் சொமக்கணும்" என்றாள் வத்ஹா, அடுத்த ஆட்டை நோக்கி ஓடிக்கொண்டே.