வத்தல்மலையில் நான் நடந்த இரண்டு வளைவுகள்

என் வீட்டுக்காரர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். விசை, உராய்வு, முறுக்கு விசை எல்லாவற்றையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அழகாக விளக்குவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். போன வருஷம் முழுக்க நான் அவரைப் பார்த்தது வேறு கோலத்தில். வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளுக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஆயில் எங்கிருந்து சொட்டுகிறது என்று டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருப்பார்.

வாங்கி வந்தபோது அந்த வண்டி சொட்டவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டி மேல் பழி வரக் கூடாது. ஓசூரில் வெளிநாடு கிளம்பிய ஒருவர் விற்றது. நீண்ட தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் உட்காருகிறவள் முதுகு சாய ஒரு மெத்தை. பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான், அரூர் வீட்டில் நாங்கள் இரண்டே பேர், இனி ஊர் சுற்ற வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினோம். தனுஷ்கோடி, மூணாறு, குடகு என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். வெள்ளோட்டத்துக்குப் பக்கத்திலிருக்கிற வத்தல்மலை போதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

மலையில் இருபத்துச் சொச்சம் கொண்டை ஊசி வளைவுகள். பாதியைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி இருமியது, உதறியது, நின்றது. கிளப்பினார். கொஞ்சம் உறுமிவிட்டு மறுபடி நின்றது, பின்னாலும் லேசாக உருண்டது. நான் கத்திவிட்டேன்.

அவர் திரும்பாமலேயே சொன்னார், "இந்தா, ரெண்டு வளைவு மட்டும் நடந்து வர்றியா?"

நடந்தேன். கைப்பை, தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் எல்லாவற்றோடும் நடந்தேன். எதிரே இறங்கி வந்த ஜீப்பிலிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. மேலே ஓரிடத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். உச்சிக்குப் போகாமல் அங்கிருந்தே திரும்பினோம். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உருட்டிக்கொண்டு வந்தார். அது எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இறக்கத்தில் எஞ்சின் ஓடினால் மனசு கேட்காது. என் மாமனாரும் அப்படித்தான், இவருக்கு வண்டி பழக்கியவரும் அவர்தான்.

இதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கம்பைநல்லூரில் நாத்தனார் வீட்டுப் புதுமனை விழாவில், பந்தி நடக்கும்போது, இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னேன். இருமலை இருமிக் காட்டினேன், நடையை நடந்து காட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளே ஒரு பயம். வண்டி இழுக்கவில்லை என்று நான் முந்திக்கொள்ளாவிட்டால், நான் கனம் என்று வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் நான் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தேன்.

நாத்தனார் கண்ணீர் வரச் சிரித்தாள். "ஏண்ணா, எங்க அண்ணிய நடக்க வெச்சுட்டு நீ மட்டும் வண்டில போனியா? இதுக்கு டவுன் பஸ்லயே போயிருக்கலாமில்ல!"

அவரும் சிரித்தார். ஆனால் இலையில் பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். இருபது வருஷத்தில் அவர் பாயசத்தை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. பார்த்தும் நான் நிறுத்தவில்லை. அடுத்த இரண்டு கல்யாணங்களிலும் அந்தக் கதை ஓடியது.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த பட்டியலில் தனுஷ்கோடிக்கு மேலே வத்தல்மலை ஏறியது. "மொதல்ல ஒன்ன எறக்காம அந்த மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்புறந்தான் மத்த ஊரெல்லாம்" என்றார். மனுஷன் சபதம் போட்டுவிட்டார்.

சக்தி போதவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலில் கூடுதல் காற்றை இழுக்கும் ஃபில்டர் வந்தது. கூடுதல் காற்று வெளியே போக வேண்டாமா, அதற்குப் புது சைலன்சர். எதிர்வீட்டம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, "என்னா சாரு, டிராக்டர் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும் என்று பெங்களூரு போய் வண்டியின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதி வந்தார். கடைசியாகப் பெரிய பிஸ்டனும் அதற்கேற்ற சிலிண்டரும் பார்சலில் வந்தன. பிஸ்டன் பெரிதானதும் கிளட்ச் வழுக்கியது. கெட்டியான கிளட்ச் ஸ்பிரிங் போட்டதும் அவருக்கு இடது கை வீங்கியது. என் வலது காலை எஞ்சின் சூடு சுட்டது. பிறகு அந்த ஆயில் சொட்டு.

நான் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவள். மூட்டு வலிக்கு மாத்திரை, அதனால் வயிறு எரிந்தால் அதற்கொரு மாத்திரை, அதனால் வேறொன்று வந்தால் அதற்கும் ஒன்று என்று பையோடு வருகிறவர்களை நித்தமும் பார்க்கிறேன். எங்கள் வாசலில் நின்றதும் அப்படியொரு நோயாளிதான்.

அரூரில் எங்கள் மெக்கானிக் இதிலெல்லாம் மனசில்லாமல்தான் சேர்ந்தார். "சார், கம்பெனில அத்தன பேரு ஒக்காந்து கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. ஒண்ண மாத்துனா இன்னொண்ணு இடிக்குங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிவிட்டு மாட்டியும் கொடுப்பார். கழற்றிய பழைய சாமான்களை இவர் இணையத்தில் விற்கப் பார்த்தார். நான் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சித்திரை மாசம், கோடை லீவில், இரண்டாவது தடவை ஏறினோம். சமதளத்தில் வண்டி பறந்தது, அதை மறைக்க மாட்டேன். தர்மபுரி வரை அவர் தோள் இரண்டும் நிமிர்ந்தே இருந்தன. மலையில் நாலைந்து வளைவு தாண்டியதும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி.

"ஏங்க, அது என்னா சத்தம்?"

"அது பவரோட சத்தம்."

பவர் அதே வளைவு வரை வந்தது. அங்கே வெள்ளையாய்ப் புகை விட்டு வண்டி செத்தது. அவர் இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொல்வதற்கு முன் நானே இறங்கி நின்றேன். பலாப்பழம் ஏற்றி இறங்கிய மினி லாரியில் என்னை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்னால் பலாப்பழங்களுக்கு நடுவில் வண்டியும் அதைப் பிடித்துக்கொண்டு அவரும். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். பெரிய பிஸ்டனின் ஓரம் உருகி வழிந்திருந்தது. அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து கேட்டார், "சார், தப்பா நெனைக்காதீங்க. வளைவுல எத்தனாவது கியர்ல ஏறுனீங்க?"

"மூணு."

"மூணா?"

"கெளம்பறதுக்கு ஒண்ணு. அசைஞ்சதும் மூணுக்குப் போயிடுவேன். ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஓட்டுனா பெட்ரோல் குடிக்குமில்ல?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்ப மொதத் தடவ, ஒண்ணுமே மாத்தாதப்ப, நின்னு போச்சுன்னீங்களே, அப்பவும் மூணுதானுங்களா?"

"எப்பவும் மூணுதாங்க. எங்கப்பா அப்பிடித்தான் கத்துக் குடுத்தாரு."

"ஏற்றத்துல மூணுல போட்டு முறுக்குனா எந்த வண்டியும் நின்னுதாங்க போவும். பழைய எஞ்சின் பாவம், நின்னுபோய்ச் சொல்லுச்சு. இது நிக்காம உருகிடுச்சு. ஒண்ணாவது கியர் போட்டிருந்தா அக்காவ அன்னைக்கே உச்சில கொண்டு போய் எறக்கியிருக்கும்."

என் வாய்க்கு இதைவிடப் பெரிய தீனி வாழ்நாளில் கிடைக்காது. முறுக்கு விசைப் பாடம் நடத்துகிற வாத்தியார், கால் விரலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியதற்கு ஒரு வருஷம் எஞ்சினையே மாற்றியிருக்கிறார். நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையே ஓடிவிட்டது. சிரிக்கத் திரும்பினேன். அவர் அந்த உருகிய பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார், "நீ கைப்பையத் தூக்கிட்டு நடந்து வந்தது கண்ணுலயே நின்னுடுச்சு. ஒவ்வொரு வூட்டுலயும் நீ அத நடிச்சுக் காட்டறப்ப எனக்கு எந்திரிச்சுப் போயிடலாம்னு இருக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் கனத்தை மறைக்க நான் அவர் தலையில் ஏற்றிய கதை அது. அவர் அதைச் சுமந்துகொண்டு பெங்களூரு வரை போய் வந்திருக்கிறார். "இனிமே சொல்ல மாட்டேங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்படி நான் என்றைக்கு நடந்துகொண்டேன்?

கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கு மறுபடி கடைக்குப் போனது. பழைய பிஸ்டன், பழைய சிலிண்டர், பழைய சைலன்சர். பெங்களூரில் எழுதிய கணக்கையும் அழித்தாயிற்று. எதிர்வீட்டு மாடு நிம்மதியாக அசைபோட்டது.

மூன்றாவது தடவை ஏறினோம். அந்த வளைவு வந்தது. அவர் இடது கால் கீழே போவதைப் பார்த்தேன். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. எஞ்சின் குரல் உயர்ந்தது, வண்டி வளைந்தது, ஏறியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. உச்சியில் இறங்கியபோது என் கால் மரத்துப்போயிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கியர் விஷயத்தை இரண்டு மாசம் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு நாத்தனாரின் சின்ன மகளுக்குக் காதுகுத்து வந்தது. பந்தியில் அவள் ஆரம்பித்தாள், "அண்ணி, அந்த மலையில நடந்த கதைய இவங்களுக்குச் சொல்லுங்க, இவங்க கேட்டதில்ல."

"அதெல்லாம் மறந்து போச்சு" என்று சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

"அவளுக்குச் சரியா சொல்லத் தெரியாது, நான் சொல்றேன்" என்று அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். இருமலை என்னைவிட நன்றாக இருமினார். பவரோட சத்தத்தைச் சொன்னார். பலாப்பழங்களைச் சொன்னார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்ததுபோலக் கரண்டியைக் கீழே வைத்து, "மூணா?" என்று கேட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டு, நான் ஏழு வளைவு நடந்ததாகச் சொன்னார்.

நான் நடந்தது இரண்டுதான். வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். திருத்தவில்லை.