அவள் எழுத மறுத்த அத்தியாயம்

எனக்குக் கண் போய்விட்டது. முழுதாக இல்லை, ஆளின் உருவம் தெரியும், எழுத்து தெரியாது. எழுதிப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய செருப்படி வேறென்ன வேண்டும்? அதனால் இந்தக் கடைசிப் புத்தகத்தை நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் எழுதுகிறாள். செராமிக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, விருத்தாசலத்தில் கட்டிய இந்த வீட்டைப் பற்றிய புத்தகம்.

சென்னையில் மகள் வீட்டில் நிம்மதியாக இருந்தவளை இங்கே இழுத்து வந்தவன் நான்தான். சாவதற்குள் எழுதிவிட வேண்டும், அதுவும் இங்கே உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வந்த பிறகு உட்கார்ந்தால்தானே? கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பின்தெருவில் களிமண் அரைக்கிற மிஷின் ஓடினாலும் எரிச்சல், நின்றாலும் எரிச்சல். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மாத்திரைக்கு அடங்குகிற நோயா இது? புத்தகம் முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேனோ என்கிற பயம்.

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தோம். அந்தக் காலத்தில் எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை. அவள் இரண்டு பிள்ளைகளோடு இங்கே இருந்தாள். சனிக்கிழமை ரயிலேறி வருவேன், ஞாயிறு முழுக்க முன்னறையில் எழுதுவேன். 'நான் எழுதும்போது பிள்ளைகள் என் காலடியில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்' என்று சொன்னேன். பேனா நகர்கிற சத்தம் வரவில்லை. திரும்பவும் சொன்னேன். மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மை இருக்குது. புள்ளைங்கதான் அங்க இல்ல."

வள்ளென்று விழுந்தேன். எனக்குத்தான் கண் இல்லை, உனக்கு ஞாபகமும் இல்லையா என்று கத்தினேன். அவளை மடக்கியே தீருவது என்று மகளுக்குப் போன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்து, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே விளையாடுவீர்கள் என்று கேட்டேன். மகள் யோசிக்கவே இல்லை. ஜங்ஷனில்தான், ரயில் பார்த்துக்கொண்டிருப்போம் என்றாள். இந்த வீட்டைவிட அவளுக்கு அந்தப் பிளாட்பாரம்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம்.

போனை வைத்த பிறகு என் மனைவி பேசினாள். சண்டைக் குரல் இல்லை. காய் விலை சொல்கிற குரல்.

"சத்தம் கேட்டா கத்துவீங்க. அதான் கூட்டிகினு போயிடுவேன். அப்பா எழுதி முடிச்சிட்டாரா, வூட்டுக்குப் போலாமான்னு சின்னவன் கேட்டுகினே இருப்பான்."

எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்டேன். பொழுது சாய்கிற வரைக்கும் என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாகக் குடும்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன், கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதைக் கூடக் கவனிக்கவில்லை. ஆனால் பாருங்கள், இந்தப் பாழாய்ப்போன புத்தி, வெட்கப்பட்ட அதே நொடியில், இதுதானடா அத்தியாயம் என்றது. இதை எழுது, இதையே எழுது என்று பரபரத்தேன்.

அவள் நோட்டை மூடினாள்.

"மாட்டேன். நீங்க சொன்னா அழகாயிடும். அது எங்களுதாவே இருக்கட்டும், வுட்டுடுங்க."

அதற்கப்புறம் எட்டாவதை மறுபேச்சில்லாமல் எழுதினாள், ஒன்பதாவதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏழாவது காலியாகக் கிடக்கிறது. எனக்கோ சோறு இறங்கவில்லை. போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும், டைப் அடித்துக்கொள்கிறோம் என்று பதிப்பகத்துத் தம்பி எப்போதோ சொல்லியிருந்தார். மனுஷ முகம் பார்த்துச் சொன்னால்தான் எனக்கு வரும் என்று அன்றைக்கு வீறாப்பாக மறுத்தேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும். போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி பேசுகிறேன். விட்டுவிடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதை நான் விடவில்லை. இப்போது நீங்கள் படித்து முடித்தது அந்த ஏழாம் அத்தியாயம்தான்.